ஒன்றுமில்லாத தரை

26 ஜனவரி 2004, திங்கள்

குடியரசு நாள். கொடியேற்றி, மிட்டாய் தின்று, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நான் கல்லூரிக்குப் பின்னால், மணல் பரப்பி வைத்திருக்கும் பழைய பூப்பந்துக் கொட்டகைக்குப் போனேன். நேற்று அமெரிக்கர்களின் இரண்டாவது வண்டியும் செவ்வாயில் இறங்கிவிட்டது. எங்கள் வண்டி இன்னும் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. நோக்கம் ஒன்றுதான். கல்லும் குழியும் இல்லாத வெற்று மணலில் தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று வண்டிக்கே தெரிய வேண்டும். சக்கரம் சுற்றியதை எண்ணினால் போதாது. மணலில் சக்கரம் வழுக்கும். அதனால் இரண்டு கேமராக்கள் தரையைப் பார்த்துக்கொண்டே வருகின்றன. தரையில் ஏதாவது அடையாளம் இருந்தால், அது பின்னால் நகர்வதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். ஒன்றுமே இல்லாவிட்டால்? அதைத்தான் நான் தீர்த்திருக்கிறேன்.

பத்து மீட்டர் ஓட்டத்தில் பிழை மூன்று சென்டிமீட்டர். வெற்று மணலில்! வேறு யாரும் இதைச் செய்ததாக நான் படிக்கவில்லை. நான் நிறையப் படிப்பவன்.

2 பிப்ரவரி

தினமும் காலையில் மணலைச் சுத்தம் செய்து வைக்கும் லீலாபாய் மூன்று நாள் லீவு. களியக்காவிளையில் அக்கா மகளுக்குக் கல்யாணம். காண்டிராக்டர் அனுப்பிய ஆள் நீளப் பலகையால் மணலை வழித்துவிட்டுப் போனான். கண்ணாடி மாதிரி இருந்தது.

வண்டி இரண்டடி போனது. கேமராவுக்கு ஒன்றும் தெரியாதபோது அது சக்கரத்தை நம்பும். சக்கரமோ வழுக்கிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி, ஆறு மீட்டர் வந்துவிட்டதாக அறிவித்தது. எங்கள் கல்லூரியில் இப்படி அறிவிப்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதவி உயர்வும் உண்டு.

5 பிப்ரவரி

லீலாபாய் வந்தார். ஈர்க்குமாற்றால் பெருக்கினார். வண்டி பத்து மீட்டர் போனது. பிழை மூன்று சென்டிமீட்டர்.

மண்டியிட்டுப் பார்த்தேன். கோடுகள். விசிறி விசிறியாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துடைப்பக் கோடுகள். என் வண்டி ஒன்றுமில்லாத தரையில் போகவே இல்லை. எட்டு மாதமாக.

எனக்கு ஏன் தெரியவில்லை? எங்கள் வீட்டு முற்றத்திலும் காலையில் இந்தக் கோடுகள் இருக்கும். கோடு இருந்தால் சுத்தம். கால்தடம் விழுந்தால் அழுக்கு. சுத்தத்தை யாராவது அடையாளமாக எண்ணுவார்களா? முனைவர் பட்டம் வாங்கியவன் எண்ணவில்லை.

ஓட்டத்தைப் பார்த்து இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி தருவதா என்று முடிவு செய்ய, தில்லியிலிருந்து ஆய்வுக்குழு வர இன்னும் எட்டு நாள்.

6 பிப்ரவரி

சொல்லவில்லை.

9 பிப்ரவரி

சொல்லவில்லை. லீலாபாயிடம் மட்டும், பதின்மூன்றாம் தேதி லீவு எடுக்க வேண்டாம் என்று சொன்னேன்.

“அதுக்கென்ன சாரே, வருவேன். அண்ணைக்கு நல்லா தூத்தித் தாறேன்.” அவர் பேச்சில் தூத்துவது என்றால் பெருக்குவது.

13 பிப்ரவரி

ஓட்டம் முடிந்தது. பிழை இரண்டு சென்டிமீட்டர். கைதட்டினார்கள். குழுவின் தலைவர் வடநாட்டுக்காரர், வயதானவர், பொறுமைசாலி. குனிந்து தரையைப் பார்த்தார். இந்தக் கோடுகள் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், மூலையில் துடைப்பத்தோடு நின்ற லீலாபாயைக் காட்டி, அந்த அம்மாளிடமே கேளுங்கள் என்றார்.

கேட்டேன். லீலாபாய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு தெளிவாகச் சொன்னார்:

“நான் போடுததுதான் சாரே. வண்டி என் கோட்டப் பாத்துல்லா போவுது. ஒருக்கா ஓரத்துல தூத்தாம விட்டுட்டேன், அங்க போயி முட்டிட்டு நிண்ணுச்சு. பெறவு ஓரம் வரைக்கும் அழுத்தித் தூத்துதேன். பாவம், அதுக்கு வழி தெரியாண்டாமா?”

நான் எட்டு மாதம் காணாததை அவர் என்றோ கண்டுபிடித்து, பராமரித்தும் வந்திருக்கிறார்.

தலைவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: தினமும் சுத்தம் செய்கிறாராம்.

அவர் லீலாபாயைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். லீலாபாய் சிரித்தார்.

பக்கத்தில் அனந்தபத்மநாபன் நின்றிருந்தார். என் துறைதான், கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர். தமிழ் தெரியாது என்று சொல்ல முடியாது. படியிறங்கும்போது காதருகே வந்து, “மொழிபெயர்ப்பு பிரமாதம் ஓய். சுருக்கமா, அழகா இருந்தது,” என்றார்.

மாலையில் லீலாபாய் கேட்டார். “நான் சொன்னதுக்கு அந்த சாரு என்ன சொன்னாரு?”

“நல்லா இருக்குன்னார்.”

“அப்ப அவருக்கு மனசிலாச்சு.”

வண்டி இவர் போடும் கோட்டைப் பார்த்துத்தான் போகிறது: ஒரே ஒரு வாக்கியம். அதைக்கூட ஒழுங்கா சொல்ல வாய் வரலையே — என்ன மனுஷன் நான்?

1 மார்ச்

இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி வந்துவிட்டது. கல்லூரி முதல்வர் கடிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார். நான் உண்மையைச் சொன்னால் லீலாபாயின் வேலை போகும், ஆகவே அவருக்காகத்தான் வாயை மூடியிருக்கிறேன் என்று மூன்று நாளாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

3 மார்ச்

முதல்வரிடம் போனேன். முழுவதையும் சொல்லத்தான் போனேன். வாயிலிருந்து வந்தது இது: “தரைத் தயாரிப்பில் ஒரு சின்னக் குறை நேர்ந்திருக்கிறது சார்.” யார் செய்தது, யாருக்குத் தெரியும் என்பதெல்லாம் இல்லாத வாக்கியம். அலுவலகங்கள் இத்தகைய வாக்கியங்களால்தான் நடக்கின்றன. பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

5 மார்ச்

பார்த்துக்கொண்டார். லீலாபாயை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அனந்தபத்மநாபன்தான் வந்து சொன்னார். “உம்ம குறையை நிவர்த்தி பண்ணியாச்சு. நிம்மதியா இரும்.”

7 மார்ச், ஞாயிறு

பாறசாலைக்கு பஸ் ஏறினேன். லீலாபாய் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார். வீட்டு முற்றம் பெருக்கியிருந்தது. அந்தக் கோடுகளின் மேல் நடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது.

கட்டன்சாயா போட்டுத் தந்தார். பிறகு கேட்டார். “நான் என்ன தெற்று செய்தேன் சாரே? வாரியலு வச்சு தூத்தண்டாம்னு ஒருக்கா சொல்லியிருந்தா தூத்தியிருக்க மாட்டேனே.”

“நீங்க ஒண்ணும் செய்யல. நான்தான் —”

அன்று அவர் சொன்னதை நான் எப்படி மாற்றிச் சொன்னேன் என்று சொன்னேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த சாரு தலையாட்டுனாருல்லா,” என்றார் கடைசியில். “நான் சொன்னதுக்காக்கும்னு நெனச்சேன்.”



8 மார்ச்

தில்லிக்குக் கடிதம் எழுதினேன். நகல் முதல்வருக்கு. லீலாபாய் சொன்னதை, ‘பாவம்’ உட்பட, ஒன்றும் விடாமல் ஆங்கிலத்தில் வைத்தேன். அதன் கீழே நான் சொன்னதை வைத்தேன். பெருக்கியதில் அவர் மேல் தவறில்லை, பெருக்கச் சொன்னவன் நான் என்றும் எழுதினேன். பிப்ரவரி ஐந்தாம் தேதியே எனக்கு எல்லாம் தெரியும் என்பது முதல் வரைவில் இல்லை. கிழித்துவிட்டு இரண்டாவதில் சேர்த்தேன். பழவங்காடி தபாலாபீஸில் பதிவுத் தபாலாகப் போட்டேன். ரசீதைக் கையில் வாங்கிய பிறகும், திருப்பித் தருவார்களா என்று கவுண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

29 மார்ச்

அனுமதி ரத்து. இந்த ஓட்டங்களை வைத்து நான் எழுதி அனுப்பியிருந்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. என்னிடமிருந்த துறைப் பொறுப்பு இனி அனந்தபத்மநாபனுக்கு.

“ஏன் ஓய் இப்படிப் பண்ணினீர்? ஒருத்தரும் கேக்கலையே!” என்றார். கேலியில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

வண்டியும் கொட்டகையும் யாருக்கும் வேண்டாமாம், என்னிடமே விட்டுவிட்டார்கள். லீலாபாயைத் திரும்ப எடுத்தாயிற்று. லைப்ரரிப் பக்கம் போட்டிருக்கிறார்கள். அவர் கேட்டுத்தான் அங்கே போட்டார்களாம்.

19 ஏப்ரல், திங்கள்

மணலை நானே பலகையால் வழித்தேன். கேமராவுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் சக்கரத்தை நம்பாமல் நின்றுவிடும்படி வண்டியை மாற்றியிருக்கிறேன். இத்தனை மாதத்தில் நான் செய்த ஒரே முன்னேற்றம் இதுதான்.

லைப்ரரிக்குப் போகிற வழியில் லீலாபாய் கொட்டகை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. கூப்பிட எனக்கு முகமில்லை.

வண்டி கிளம்பியது. நாற்பது சென்டிமீட்டர் போய் நின்றுவிட்டது.

“இத்தரதானா சாரே?”

“இவ்வளவுதான்.”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

பதிவேட்டில் நாற்பது என்று எழுதினேன்.