ஓடுவதற்கென்று நியமிக்கப்பட்டவர்

என்னைப் பெற்றதற்கு ஒரு நாளும் வருத்தம் காட்டாத அப்பாவுக்கு,

சிதம்பரத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கும் எழுபத்தெட்டு ஆகிவிட்டது, முட்டி வலி ஜாஸ்தி. நம் துறைமுக ஊரான முதுநகரில், உலகப் போருக்குப் போன கப்பல்காரர்களுக்கு ஒரு பெயர்க்கல் வைக்கிறார்கள். உங்கள் பெயர் அதில் இல்லை.

கேட்கப் போனேன். கமிட்டிக்காரர் நல்ல மனிதர்தான், காபி கொடுத்தார். பிறகு உங்கள் கப்பலின் கேப்டனுக்கு வெள்ளைக்காரன் கொடுத்த வீரப்பதக்கத்தின் குறிப்பைக் காட்டினார். "பாருங்கம்மா, கூலியாளுங்க அலறிக்கிட்டு படகேறி ஓடுன பின்னாடியும் கேப்டன் கலங்காம நின்னாருன்னு போட்டிருக்குது. ஓடுனவுங்க பேர எப்படிம்மா சேக்குறது?"

எனக்கு இது புதிதா? சின்ன வயதில், சாப்பிட உட்கார்ந்தாலே மாமா கேலியை ஆரம்பித்துவிடுவார். "எங்க மச்சான் வீரத்த எல்லாம் குதிகால்ல வச்சிருந்தாரு!" நீங்கள் ரசத்தை ஊற்றிக்கொள்வீர்கள். "நெஜமாவே ஓடுனீங்களாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஓடுனேம்மா" என்றீர்கள். அவ்வளவுதான்.

போன மாதம், லண்டனில் வேலை பார்க்கும் உங்கள் பேத்தி அங்கிருக்கும் ஆவணக் காப்பகத்திலிருந்து இன்னொரு காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். உங்களுடையது வெறும் சரக்குக் கப்பல் இல்லையாமே! மேல்தளத்து மரப்பெட்டிகளுக்குள் பீரங்கிகளாம். எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியதும், சிலர் பயந்தவர்களைப் போலக் கத்திக்கொண்டு படகில் இறங்க வேண்டும். கப்பல் காலி என்று நம்பி அது பக்கத்தில் வந்ததும், ஒளிந்திருப்பவர்கள் சுட வேண்டும். இறங்க வேண்டியவர்கள் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையது. வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

இரண்டு பக்கத்துக் குண்டுக்கும் நடுவில், மறைப்பே இல்லாத படகில், நீங்கள்தானே அப்பா உட்கார்ந்திருந்தீர்கள்? ரகசியம் வெளியே வராமலிருக்க அந்த நடிப்பையே உண்மை என்று அச்சடித்துவிட்டார்கள். கேப்டனுக்குப் பதக்கம் கிடைத்தது, உங்களுக்குப் பயந்தாங்கொள்ளி என்ற பெயர்தான் கிடைத்தது. போர் முடிந்த பிறகாவது ஒரு வரி திருத்தி எழுத ஒருவனுக்கும் மனசு வரவில்லையா?

காகிதத்தோடு கமிட்டிக்காரரிடம் மறுபடி போனேன். "கல்லு வெட்டியாச்சேம்மா" என்றார்.

அவரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? எனக்குக் கல்யாணம் பேசியபோது, "மாப்ள வீட்ல கப்பல் கதையெல்லாம் வேணாம்பா, ஹார்பர்ல கிளார்க்கா இருந்தேன்னு சொல்லிடுங்க" என்றேன். ஏன் என்று கூடக் கேட்காமல் அப்படியே சொன்னீர்கள். சாகும்வரை என் புகுந்த வீட்டுக்குக் கிளார்க்காகவே வந்து போனீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கல்லைத் திறக்கிறார்கள். வருவேன் அப்பா. மைக் கொடுக்காவிட்டாலும் எழுந்து நின்று உங்கள் பெயரைச் சொல்வேன். அதை அழித்தது வெள்ளைக்காரன் மட்டுமில்லை, பெற்ற மகளும்தான் என்பதையும் எல்லோர் முன்னாலும் சொல்வேன்.

உங்களைக் கிளார்க்காக்கிய மகள்,
செல்வி