பன்னிரண்டாவது இடம்

மார்ச் 3, செவ்வாய்

புது அதிகாரி இன்று என்னைக் கூப்பிட்டார். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்கள் சுற்றுலா அலுவலகத்தில் அவருக்கு ‘முற்றுப்புள்ளி’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. கடிதத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிற ஆள்.

அவர் மேஜையில் என் துண்டுப்பிரசுரம். ‘பள்ளத்தாக்குச் சாலையில் பார்க்க வேண்டிய பன்னிரண்டு இடங்கள்’. எட்டு வருடமாக மாறாமல் அச்சாகிக்கொண்டிருப்பது.

“இதை எழுதினது நீங்கதானே? எல்லா இடத்துக்கும் போயிருக்கீங்களா?”

“பாதிக்கு மேல போயிருக்கேன் சார்” என்றேன். ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. வளைவுச் சாலை என்றாலே எனக்குத் தலை சுற்றும். பழைய கோப்புகளைப் பார்த்து எழுதியதுதான் எல்லாம்.

“அடுத்த பதிப்புக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் நேர்ல பார்த்துட்டு வாங்க. இல்லாத இடம் ஏதாவது இருந்துச்சுன்னா, எழுதினவங்க வேலையில இருக்க மாட்டாங்க.”

ஒரு படிவமும் கொடுத்தார். இடம் உள்ளதா? ஆம் / இல்லை.

நாற்பத்தொன்றாவது கிலோமீட்டர் கல்லருகே ‘எதிரொலிப் பாறை’ என்று பன்னிரண்டாவதாக ஒரு இடம் எழுதியிருக்கிறேனே — அப்படி ஒன்று கிடையாது. நானே கட்டிவிட்டது.

மார்ச் 4, புதன்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு வருடம் ஓடியிருக்கிறது. பெருமைப்படுவதா?

நடந்தது இதுதான். மூன்றாக மடிக்கிற தாள், அதில் பன்னிரண்டு கட்டம். கோப்பில் இருந்ததோ பதினோரு இடம். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். “மேடம், ஒரு கட்டம் காலியா நிக்குது, மெஷின் ஓடிக்கிட்டிருக்கு” என்று அச்சகத்துக்காரர் போனில் அலறினார். மலை என்றால் பாறை இருக்கும், பாறை என்றால் எதிரொலி இருக்காதா என்று ஐந்து நிமிடத்தில் நான்கு வரி சொல்லிவிட்டேன். எந்தக் கல் என்று கேட்டார். வாயில் வந்தது நாற்பத்தொன்று.

மார்ச் 5, வியாழன்

வீட்டில் இவர், என் கணவர், படிவத்தைப் பார்த்துவிட்டார். “அட, ஆபீஸ் வேலையா ஊர் சுற்றலாமா! நான் வண்டி ஓட்டறேன்” என்று குதிக்கிறார். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். நேராக ஏறி நேராக இறங்கியே சலித்துப்போன மனிதருக்கு வளைவு என்றால் கொண்டாட்டம்தானே.

போதாக்குறைக்கு இவர் அக்காவும் வருகிறார். அண்ணி முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இருந்தவர். அடுத்த அறையில் இருக்கிறவரிடமும் வெளியூருக்குப் பேசுகிற குரலில்தான் பேசுவார். “நீ எழுதின பன்னிரண்டையும் பார்த்துட்டுத்தான் திரும்பணும்” என்று சொல்லிவிட்டார்.

நன்றாக மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 7, சனி

யாராவது சொன்னால் நானே நம்ப மாட்டேன் — சந்தோஷமாக இருந்தேன்! முதல் ஆறு வளைவுக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தேன். ஏழாவதில் திறந்தேன். இரண்டு பக்கமும் மரங்கள் மேலே கைகோத்துக்கொண்டு நிற்க, சாலை முழுக்கப் பச்சை வெளிச்சம். இதைத்தான் எட்டு வருடமாக ‘மரக்குகைச் சாலை — 2 கி.மீ.’ என்று எழுதிக்கொண்டிருந்தேனா? கோப்பில் இந்த வாசனை இல்லையே.

அருவியில் அண்ணி புடவையோடு நனைந்தார். தொங்குபாலத்தின் நடுவில் நின்று இவர், “கேபிள் நல்ல கேபிள்” என்று சான்றிதழ் கொடுத்தார். சாவி அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. நாலாயிரம் சாவி வைத்திருக்கிற மனிதர் வாசல் கதவுச் சாவியைத் தொலைத்துவிட்டு ஜன்னல் வழியாக எங்களுக்கு எல்லாவற்றையும் காட்டினார். அண்ணி சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் போகிற இடமெல்லாம் “இந்தப் புத்தகம் எழுதினது என் தம்பி பொண்டாட்டிதான்!” என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளுகிறார். ஒற்றைத் தாள் அதற்குள் புத்தகமாகிவிட்டது.

மாலையில் சாலையோரம் சிமென்ட்டில் கட்டிய ராட்சதப் பூசணிக்காய். இரண்டு மாடி உயரம், உள்ளே படிக்கட்டு. உச்சியில் நின்றபோது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பது சுருக்கென்று தைத்தது. இவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இவர் சிரித்த சிரிப்பில் கீழே இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு, “அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே. காலையிலேருந்து பத்துப் பேர்கிட்ட உன் பெருமையைப் பாடியிருக்கா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலை போனால் நான் எங்கே போவேன்?

மார்ச் 8, ஞாயிறு

வீடு போகும்வரை பொறுக்காது, இப்போதே எழுதிவிடுகிறேன்.

நாற்பதாவது கல் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி நின்றது. “அடேயப்பா, என்ன கூட்டம்!” என்றார் அண்ணி.

திறந்தால் — பத்துப் பதினைந்து கார். கம்பித் தடுப்பு. தகரம் போட்ட ஒரு டீக்கடை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பெரிய கரும்பாறை. ‘எதிரொலிப் பாறை’ என்று ஒரு பலகை. அதன் கீழே என் நான்கு வரி, ஒரு எழுத்துப் பிசகாமல். நான் பேய் முழி முழித்தேன். இவரும்தான்.

அண்ணி நேராகத் தடுப்புக்குப் போய், “ஹலோ!” என்று ஒரு குரல் விட்டார். பதில் இல்லை. மணி ஒன்று இருபது.

டீக்கடை அம்மாள் எட்டிப் பார்த்து, “இப்பக் கத்தாதீங்கம்மா. ரெண்டு மணிக்கு மேல கத்துங்க” என்றார்.

“ஏன்?”

“எதிரொலி சாப்பிடப் போயிருக்கு.”

சத்தியமாக அப்படித்தான் சொன்னார்!

இரண்டு மணிக்கு அண்ணி மறுபடி “ஹலோ!” என்றார். பாறைப் பக்கமிருந்து கணீரென்று வந்தது: “ஹலோ, யாரு பேசறது?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முப்பது வருடப் பழக்கம் விடுமா? அண்ணி, “எக்ஸ்சேஞ்ச்லேருந்து பேசறேன்!” என்றார். “லைன் நல்லா இருக்கு, சொல்லுங்க!” என்றது பாறை. ஒரு கல்லூரிப் பெண், “நான் பாஸாயிடுவேனா?” என்று கத்தினாள். “இங்க என்ன பண்றே, போய்ப் படி!”

டீக்கடை அம்மாள் தானாகவே சொன்னார். “யாரோ புண்ணியவான் தெரியாம எழுதிட்டாங்க போல. வந்தவங்க கத்திப் பார்த்துட்டு எங்களைத் திட்டிட்டுப் போவாங்க. அவங்க முகம் தொங்கிப்போறதைப் பார்க்கச் சகிக்கல. ஒருநாள் அந்தப் பக்கம் தேன்பெட்டி பார்க்கப் போன எங்க வீட்டுக்காரர் சும்மா பதிலுக்குக் கத்தினாரு. அன்னைக்குப் பிடிச்சது. வீட்டுல வாயைத் திறக்க மாட்டாரும்மா, கல்யாணமான நாள்லேருந்து ‘ம்’, ‘ம்ஹூம்’ ரெண்டுதான். அங்க போனா ஊருக்கே பதில்!”

“எழுதினவங்க கையில கிடைச்சா என்ன செய்வீங்க?” என்று இவர் குறும்பாகக் கேட்டார்.

“உட்கார வெச்சு ஒரு டீ குடுப்பேன். அவங்களாலதான் இந்தக் கடையே.”

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். அப்புறம் தாங்கவில்லை, “நான்தாங்க அது” என்று அழுதுவிட்டேன். அண்ணி எதிரிலேயே. அண்ணி என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். “பொய்யையும் எவ்வளவு நல்லா எழுதியிருக்கா பாருங்க என் தம்பி பொண்டாட்டி!” என்று டீக்கடை அம்மாளிடம் சொன்னார். இந்த மனுஷியை என்ன செய்வது?

டீக்குக் காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

மார்ச் 8, அதே நாள், வீட்டில்

“அதான் இடம் இருக்கே, ‘ஆம்’ போட்டுட்டு நிம்மதியா இரு” என்கிறார் இவர். போடலாம். ஆனால் முற்றுப்புள்ளி ஒருநாள் போய்ப் பார்த்தால்? மோசடி என்று அந்தக் கடையைத்தான் தூக்குவார். பொய் சொன்னது நான், மாட்டிக்கொள்வது அவர்களா? அது பாவம். ஆமும் வேண்டாம், இல்லையும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கிறேன். போனால் போகட்டும் வேலை.

எழுதிவிட்டேன், நான்கு பக்கம் வந்தது.

மார்ச் 9, திங்கள்

நான்கு பக்கத்தையும் முற்றுப்புள்ளி படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, “எதிரொலி சாப்பிடப் போயிருந்துச்சா?” என்று கேட்டார். “ஆமா சார்.” அவர் சிரிக்கவில்லை.

“நீங்க செஞ்சது சின்னத் தப்பு இல்ல. ஞாயித்துக்கிழமை நானே போய்ப் பார்க்கறேன். அதுக்கப்புறம் முடிவு.”

மார்ச் 11, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. இவர் நான்கு நாளாக என்னைப் ‘பாறை’ என்று கூப்பிடுகிறார். உதைக்கலாம் போலிருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

என் மேஜை இழுப்பறையைக் காலி செய்து வைத்தேன். ஒரு கத்தரிக்கோல், இரண்டு குண்டூசிப் பெட்டி, எட்டு வருடம்.

மார்ச் 16, திங்கள்

பத்து மணிக்குக் கூப்பிட்டார். உள்ளே போனேன். உட்காரச் சொல்லிக் கை காட்டினார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

“ஐயாவுக்கு நேத்துலேருந்து சுத்தமாத் தொண்டை கட்டிடுச்சு மேடம்” என்றார் வாசலில் நின்ற உதவியாளர். “வீட்டம்மா, பசங்க எல்லாருக்கும் அப்படித்தானாம்.”

அதிகாரி அவரை முறைத்தார். பிறகு புதிய பதிப்பின் அச்சுப்படியை என் பக்கம் திருப்பினார். பன்னிரண்டாவது கட்டத்தில் ஒரே ஒரு சொல்லை மட்டும் சிவப்பு மையால் அடித்திருந்தார். ‘எதிரொலிப் பாறை’ இல்லை. ‘பதில் சொல்லும் பாறை’. பக்கத்தில் அவர் கையெழுத்து, தேதி.

எனக்குப் பேச்சே வரவில்லை, அவருக்கும்தான். எழுந்து போய் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து வைத்தேன். குடித்தார்.