வாலிலிருந்து ஓடிய கப்பல்

உன்னுடைய தகரக் குழல் நேற்று என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. படத்துக்குப் படம் நீ வாயில் வைத்துக் கத்தி, ரங்கூன் தமிழர்களுக்கு உலகத்தை விளக்கிய அதே குழல். பேசும் படம் வந்து உன் வாயை அடைத்த பிறகு, உன் மனைவி தையல்நாயகி அதை எண்ணெய் ஊற்றும் புனலாக வைத்துக்கொண்டாளாம். முகர்ந்து பார்த்தேன். நல்லெண்ணெய். உன் பேச்சிலும் அந்த வழுவழுப்பு இருந்ததால் பொருத்தமாகவே பட்டது.

மொகல் தெருவுக்குப் பின்னால் வெற்று மனையில் நம் பயாஸ்கோப் கொட்டகை இருந்தது. திரைக்குப் பக்கத்தில் நீ, குழலோடு. திரைக்கு அடியில் நான், ஆர்மோனியத்தோடு. பின்னால் பர்மாக்காரன் கோ பா தின், கையால் சுற்றும் இயந்திரத்தோடு. அந்தக் காலத்துப் படத்தில் யாரும் பேசமாட்டார்கள். அந்தக் குறையை நீ தேவைக்கு மேலேயே தீர்த்து வைத்தாய்.

இருபதுகளின் நடுவில் துறைமுகத்தில் ஒரே பேச்சு, சீமையில் கட்டிக்கொண்டிருந்த புதுக் கப்பலைப் பற்றித்தான். அதன் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. இரண்டு புகைக்குழாய் இருந்ததால் ‘ரெட்டைக் குழாய்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. சென்னைக்கும் ரங்கூனுக்கும் ஓடப்போகிறது, மேல்தட்டில் படுத்து வரும் ஏழைக்கும் கூரை உண்டு என்றார்கள். கல்யாணமான கையோடு தனியாகக் கப்பலேறி வந்தவன் நீ. மனைவியை அழைத்தால் அந்தக் கப்பலில்தான் என்று உறுதியாக இருந்தாய்.

அவளை அனுப்புவதும் அனுப்பாததும் அவளுடைய அண்ணன் சிதம்பரத்தின் கையில் இருந்தது. ஊரைப் பார்க்காமல் தங்கையை அனுப்பமாட்டேன் என்று அவர் ஒரு பழைய கப்பலில் வந்து இறங்கினார். உன் அறையைப் பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார். கோயிலைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். அந்த வாரம் பார்த்து, ரெட்டைக் குழாயைத் தண்ணீரில் இறக்கிய விழாவின் படம் நம் கொட்டகைக்கு வந்தது. அவரை முன்வரிசை நாற்காலியில் உட்கார்த்தி, “மச்சான், கப்பல நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க” என்றாய். உன் வாழ்க்கையிலேயே தேவையில்லாத உபசாரம் அதுதான்.

படம் ஓடியது. தொப்பிக்காரக் கூட்டம். மலைபோலக் கப்பல். ஒரு துரைசானி கயிற்றில் கட்டிய சீசாவைக் கப்பல்மேல் எறிந்து உடைத்தாள். “சீமையில் தேங்காய்க்குத் தட்டுப்பாடு! ஆகவே அம்மையார் சீசாவை உடைக்கிறார்!” என்று முழங்கினாய். கொட்டகை சிரித்தது. நான் நாதஸ்வரம் மாதிரி ஒரு மங்கள வாசிப்பை ஆர்மோனியத்தில் முயன்றேன். கப்பல் மெதுவாக நகர்ந்து, சரிவில் வழுக்கி, பின்பக்கம் முன்னால் போகத் தண்ணீரில் இறங்கியது.

சிதம்பரம் எழுந்துவிட்டார்.

“என்னய்யா இது, முதுகக் காட்டிக்கிட்டுப் போவுது? புது மாடு வாங்குனாக்கூட மூஞ்சிய முன்னால விட்டுத்தான் தொழுவத்துக்குள்ள ஏத்துவோம். இதுல என் தங்கச்சி ஏற மாட்டா.”

உனக்கு உதவியாக நான் ஒரு உண்மையைச் சொன்னேன். “எல்லாக் கப்பலையும் இப்பிடித்தாங்க இறக்குவாங்க. நீங்க வந்த கப்பலும் இப்பிடித்தான்.”

“அதான் வழியெல்லாம் வாந்தி எடுத்தேன்! அப்ப எந்தக் கப்பல்லயும் அனுப்ப மாட்டேன்.”

படித்ததைப் பேசினால் என்ன நடக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். ஒரு கப்பலை இழந்திருந்த உன்னை நான் எல்லாக் கப்பலையும் இழக்கவைத்தேன். நீ என்னைப் பார்த்த பார்வைக்குக் குழல் தேவைப்படவில்லை.

பிறகு நீ பின்னால் ஓடினாய். கோ பா தின்னிடம் கெஞ்சியது கொட்டகைக்கே கேட்டது.

“சுருள வாலுல இருந்து சுத்த முடியுமா?”

“யா தே, அண்ணே, முடியும். ஆனா எல்லாப் பேரும் பின்னால நடப்பான்.”

“நடக்கட்டும். சுத்து!”

விளக்கு மறுபடி அணைந்தது. நீ குழலை எடுத்தாய். உன் குரல் நடுங்கியது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் கேட்டதில்லை. “மகாஜனங்களே! முன்னால் பார்த்தது ஒத்திகை. இதோ உண்மையான விழா!” தண்ணீரில் கிடந்த கப்பல் முகத்தை முன்னால் நீட்டி, கம்பீரமாகக் கரையேறியது. காற்றில் பறந்த தொப்பிகள் தேடிப்போய்த் தலைகளில் உட்கார்ந்தன. நுரை ஒன்றுசேர்ந்து சீசாவானது. துரைசானி அதைப் பத்திரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “உடைந்தது கூடியது! இதைவிட நல்ல சகுனம் உண்டா?” என்றாய். நான் அதே மங்கள வாசிப்பைத் தொடர்ந்தேன். அது எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சிதம்பரம் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். “இத மொதல்லயே காட்டியிருக்கணும்” என்று உட்கார்ந்தார்.

அவர் இங்கேயே தங்கி, ஆற்றுக்கு அக்கரையில் சிரியம் என்ற ஊரின் எண்ணெய் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். தினமும் படகுக் கப்பலில் போய்வந்தார். அது எப்படித் தண்ணீரில் இறங்கியிருக்கும் என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஊர்க்காரக் குடும்பம் ஒன்றோடு தையல்நாயகி ரெட்டைக் குழாயில் வந்து சேர்ந்த காலை உனக்கு மறந்திருக்காது. படிப்பலகை செங்குத்து. பரணிலிருந்து இறங்கிய பழக்கத்தில் அவள் கப்பலைப் பார்த்துத் திரும்பி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே இறங்கினாள். “அட, இவளுமா!” என்று சிதம்பரம் தலையில் கைவைத்தார். நீ கூசாமல் குழலைத் தூக்கி, “சீமை வழக்கப்படி நாயகி நீரிலிருந்து நிலத்துக்கு!” என்று முழங்கினாய். அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: “யாரது தகரத்த வச்சுக் கத்துறது? வந்து பெட்டியத் தூக்குங்க.” அன்றிலிருந்து கடைசிவரை தூக்கினாய். அவ்வளவு சந்தோஷமாகப் பெட்டி தூக்கிய ஆளை நான் பார்த்ததில்லை.

நீ போன மறுநாள் சிதம்பரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இப்போது நன்றாகக் கிழவராகிவிட்டார்.

“சுருளத் திருப்பி ஓட்டுனது எனக்குத் தெரியாதுன்னு கடைசிவரைக்கும் நெனச்சிருந்தான், பாவம்.”

“தெரியுமா?”

“தொப்பி பறந்துபோய்த் தலையில உக்காருதே, இது தெரியாதா? நான் கப்பலயா பாத்தேன்? வேர்த்து ஊத்த அவன் கத்துனதப் பாத்தேன். என் தங்கச்சிக்காக ஒரு கப்பலயே திருப்பிக் கரையேத்துறவன் அவள நல்லா வச்சுக்குவான்னு தோணிச்சு. அனுப்பச் சொல்லி ஊருக்கு எழுதிட்டேன்.”

இதைச் சொல்லத்தான் இந்த மடல். நீ ஏமாற்றவில்லை, தேறினாய். அதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று எத்தனையோ வருஷம் பொறுத்திருந்தவர் உன்னைவிடப் பெரிய நடிகர்.

குழலை நான் கழுவவில்லை, எண்ணெய் வாசனையோடு ஆர்மோனியத்தின் மேல் வைத்திருக்கிறேன். சில மாலைகளில் எல்லாவற்றையும் வாலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன். உன்னைத் தூக்கிப் போனவர்கள் பின்னால் நடந்து உன்னை வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். நீ எழுந்து உட்காருகிறாய். நரை கறுக்கிறது. தையல்நாயகி முகத்தை முன்னால் வைத்து மிடுக்காகப் படியேறிக் கப்பலுக்குள் போகிறாள். அங்கே நிறுத்தி, கோ பா தின்னிடம் நேராகச் சுற்றச் சொல்கிறேன். அவள் மறுபடி இறங்க வேண்டும், நீ மறுபடி கத்த வேண்டும். நான் ஆர்மோனியத்தில் கைவைத்துத் தயாராக இருக்கிறேன்.