அல் குத்ராவில் பனிச்சறுக்கு

நவம்பர் 9, ஞாயிறு

வெயில் 32. குளிர்காலம் வந்துவிட்டதாம். யாருக்கு?

முதலில் வெட்கக்கேட்டை எழுதித் தொலைக்கிறேன். இன்று மாலை இருபது நிமிடம் குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டு, ஒரு சொட்டு நனையாமல், கதவில் காதை வைத்தபடி நின்றேன். வயது ஐம்பத்து நான்கு. தொழில் பில்டிங் கம்பெனியில் க்யூ.எஸ்., செங்கல் சிமெண்ட் அளவுக்கணக்கு. பர் துபாய் தமிழர் வட்டாரத்தில் 'நகைச்சுவைத் தென்றல்' என்று பட்டம். தென்றல் கக்கூஸில்.

ஷவரை முழுதாகத் திறந்தால் பேச்சு கேட்கவில்லை. பாதியாகக் குறைத்தேன்.

ஹாலில் சாந்தியும் நித்யாவும் வீடியோ காலில். நித்யா பின்லாந்தில் படித்து, அங்கேயே வேலை, அங்கேயே யூஹோ என்ற பையன். ஏழு மாதமாக என் மகள் என்னோடு பேசுவதில்லை. நான் ஹாலுக்குள் நுழைந்தால் "அப்புறம் கூப்பிடறேன்மா" என்று வைத்துவிடுவாள். அதனால்தான் ஷவர்.

காதில் விழுந்தவை:
- பிப்ரவரியில் யூஹோவின் அப்பா அம்மா வடக்கே காட்டு வீட்டில் பத்து நாள். கல்யாணப் பேச்சு அங்கேதான்.
- அந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஸ்கீ, பனிச்சறுக்கு. பாட்டிக்கு எண்பத்தொன்று, பாட்டியும் ஸ்கீ.
- "அம்மா, நீ கண்டிப்பா வரணும்."
- சாந்தி: "அப்பா?"
- ஷவர் சத்தம் மட்டும்.
- "வந்தா அதையும் போய் மேடையில சொல்லுவாரும்மா. யோசிக்கிறேன்."

யோசிக்கிறாளாம். பெற்ற அப்பனை.

காரணம் சித்திரை விழா. தமிழ்ச் சங்க மேடையில் இருபது நிமிடம் பேசினேன். "வெள்ளை நிறம், பேச்சே கிடையாது, உள்ளே ஒரே குளிர். எங்க வீட்டுக்கு ஃப்ரிட்ஜே மாப்பிள்ளையா வருது" என்றேன். நானூறு பேர் சிரித்தார்கள். எவனோ வீடியோ எடுத்து அனுப்ப, அது துருவம் வரை போய்விட்டது. ஒரு ஃப்ரிட்ஜ் ஜோக்குக்கு ஏழு மாதமா?

முடிவு: ஸ்கீ கற்றுக்கொள்வது. அந்த வீட்டில் போய் நின்றால் இவனும் ஆள்தான் என்று இருக்க வேண்டும்.


நவம்பர் 11, செவ்வாய்

ஆபீஸில் டெண்டர் வேலையை மூடி வைத்துவிட்டு ஆராய்ச்சி. ஸ்கீயில் இரண்டு ஜாதி. மலை உச்சியிலிருந்து கீழே விழுவது ஒன்று. அதை இங்கே மாலுக்குள்ளேயே டிக்கெட் வாங்கி விழலாம். சம்பந்தி வீட்டு ஜாதி வேறு. க்ராஸ் கண்ட்ரி. சமதரையில், காட்டுக்குள், கிலோமீட்டர் கணக்கில் நடந்து நடந்து வழுக்குவது. லிஃப்ட் கிடையாது, இறக்கம் குறைவு, உழைப்பு அதிகம். இதை விளையாட்டு என்று யார் சொன்னது? நம் சைட்டில் இதற்குப் பெயர் டூட்டி.

பனி இல்லாத ஊர்க்காரர்களுக்குச் சக்கரம் வைத்த ஸ்கீ இருக்கிறதாம். தார் ரோட்டில் பழகலாம். ஆளும் கிடைத்துவிட்டாள். மாரே, எஸ்டோனியாக்காரி, நாற்பது இருக்கும். கணவன் எண்ணெய்க் கம்பெனி. அவனோடு பேச்சுவார்த்தை இல்லை என்று நினைக்கிறேன், சனிக்கிழமை அதிகாலை ஐந்தரைக்குக் கிளாஸ் வைக்கிற பெண் வேறு எப்படி இருப்பாள். சக்கரம், கோல், பூட்ஸ் எல்லாம் அவளே தருவாள்.

சாந்தியிடம்: "சனிக்கிழமையிலிருந்து வாக்கிங்."
சாந்தி: "யாரோட?"
இருபத்தேழு வருட தாம்பத்தியத்தின் சாரம் அந்த ஒரு சொல்.


நவம்பர் 15, சனி

அல் குத்ரா, ஊருக்கு வெளியே பாலைவனத்துச் சைக்கிள் பாதை. விடியும் முன் 20 டிகிரி. இருபுறமும் மணல். நடுவில் கறுப்பு ரோடு. அதன் நடுவில் நான்.

பூட்ஸின் நுனியை மட்டும் ஸ்கீயில் மாட்டுகிறார்கள். குதிகால் அந்தரத்தில். இரண்டு கையிலும் நெஞ்சு உயரக் கோல். பிரேக் எங்கே என்று கேட்டேன். "நோ பிரேக்" என்றாள் மாரே, நல்ல சேதி சொல்வதுபோல.

விழுந்த கணக்கு: 9. பின்பக்கம் 6, பக்கவாட்டு 2, முன்பக்கம் 1 (கும்பிட்ட நிலை).

நிற்பதே வித்தையாக இருக்கிறது. முழங்காலை மடக்கு என்கிறாள். என் முழங்கால் மடங்கினால் மறுபடி நிமிர ஒரு மீட்டிங் போட வேண்டும். விழுந்தால் எழுவதற்கும் முறை உண்டு. ஒருக்களித்துப் படு, ஸ்கீ இரண்டையும் ஒரே பக்கம் சேர், முட்டி போடு, பிறகு எழு. ஒன்பது முறை செய்ததில் இது மட்டும் நன்றாக வந்துவிட்டது.

ஒரு ஓரிக்ஸ் மான் மணலில் நின்று ஏழாவது விழுகையை முழுதாகப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஓரத்துச் செடிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் பார்க்கிறவர்கள் இரண்டு பேர். நம்மவர்கள், சத்தமாகவே பேசினார்கள்.

"ஏலே, அந்தாள பாரு. காலையிலேயே ஊத்திட்டாரோ?"
"சும்மா இருல. சீக்காளியா இருக்கும். அந்தம்மா நர்ஸு போல, நடக்கப் பழக்குது."
"நம்மூரு ஆளா?"
"நம்மூரு ஆளு இந்த வேலைக்கெல்லாம் வருவானால? மலையாளியா இருக்கும்."

அருகில் வந்து தூக்கிவிட்டார்கள். "சுக்ரியா பாய், சப் டீக் ஹை" என்று இந்தியில் நன்றி சொன்னேன். மானம் கேரளாவோடு போகட்டும்.


நவம்பர் 16, ஞாயிறு

உட்கார முடியவில்லை. தலையணை மேல் தலையணை. சாந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள், கடைசியில் தைலத்தோடு வந்து நின்றாள்.

"வாக்கிங் போனா இங்கயா அடிபடும்?"

சொல்லிவிட்டேன். சக்கரம், கோல், மாரே, ஷவர் எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஏங்க, அவ உங்கள ஸ்கீ தெரியாதவருன்னா வேணாங்கறா?"
"பின்னே?"
"இடுப்பு ஒடியறதுக்கு முன்னாடி அத யோசிங்க."

தைலத்தைச் சற்று அதிகமாகவே அழுத்தித் தேய்த்தாள். இந்த வீட்டில் என் பக்கம் பேச ஒரு ஜீவன் கிடையாது.


நவம்பர் 22, சனி

காலை 18. காற்று இல்லை. சாந்தியும் வந்தாள், ஃபிளாஸ்க்கில் டீயோடு. மாரேவைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தாள். பாஸ் போட்டுவிட்டாள் போல. இருவரும் பேசாமலே சிநேகிதம்.

அரை மணி நேரம் பழைய கதை. ஒரு காலில் எடையைப் போடு, மறு காலைத் தள்ளு, பிறகு பொறு என்கிறாள் மாரே. "யூ டோன்ட் வெயிட்." உண்மை. ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்குள் நானே சிரித்துவிடுகிறவன்.

டீ குடிக்கக் காருக்குப் போனபோது பூட்ஸைக் கழற்றி ரப்பர் செருப்பு மாட்டினேன். நாலடி நடந்ததும் உறைத்தது. விரலில் பிடிப்பு, குதிகால் விடுதலை, தரையை விட்டுத் தூக்காமல் இழுத்து இழுத்துப் போகிற நடை. பிறந்ததிலிருந்து செய்கிறேன்! பூட்ஸ் என்றதும் சேஃப்டி ஷூ ஞாபகத்தில் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சைட்டில் முப்பது வருடம் நடந்த நடை அது.

திரும்பப் போய், கடைக்குப் பால் வாங்கப் போகிறவன்போல நடந்தேன். இழு, தள்ளு. இழு, தள்ளு. இடது காலுக்கு வலது கோல். ஒரு தள்ளலில் சக்கரம் பிடித்துக்கொண்டது. ஒற்றைக் காலில், ஒரு பத்து மீட்டர், தானாகப் போனேன். மணல், ரோடு, வெளிச்சம். வாயில் ஒரு வாக்கியமும் இல்லை. கடைசியாக எப்போது அப்படி இருந்தேன், தெரியவில்லை.

பிறகு விழுந்தேன். அது வேறு.

"குட்! வாட் ஹேப்பண்ட்?" என்றாள் மாரே. செருப்பைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை.

சாந்தி நாற்பது விநாடி படம் எடுத்திருக்கிறாள். நான் விழுவதற்குமுன் நிறுத்திவிட்டாள். அங்கேயே நித்யாவுக்கு அனுப்பினாள். வீடு வருவதற்குள் வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக். பதில் இல்லை.


நவம்பர் 24, திங்கள்

மாலை ஆறு. கார் பார்க்கிங்கில் இருந்தபோது போன். 'நித்யா' என்று என் போனில். நம்பாமல் இரண்டு ரிங் விட்டேன்.

"அப்பா."
"சொல்லும்மா."
"கால் ஓகேவா?"
"எந்தக் கால்?" ஜோக் இல்லை, பயத்தில் அப்படி வந்தது.
"வீடியோ பார்த்தோம். யூஹோவோட அப்பா ரெண்டு தடவை பார்த்தாரு. வெயிட் ஷிஃப்ட் நல்லா இருக்காம்."

ஏசியைக் குறைத்தேன்.

"ஃப்ரிட்ஜ் ஜோக்குக்கு ஸாரிம்மா."
"அது ஓகேப்பா. யூஹோவே சிரிச்சான், இப்பக்கூடத் தன்னையே ஃப்ரிட்ஜுன்னு சொல்லிக்கிறான். அதுக்கப்புறம் நீங்க பண்ணதுதான்."

இன்ஜினை அணைத்தேன்.

"கல்யாணத்துக்கு உங்ககிட்ட பர்மிஷன் கேட்டு அழுதேன்ல. அத ஆக்ட் பண்ணீங்க. என் வாய்ஸ்ல. மூக்கு உறிஞ்சறதுகூட. அவ்ளோ பேரும் சிரிச்சாங்க. என்ன சொல்றாருன்னு யூஹோ கேட்டான். நான் உட்கார்ந்து லைன் பை லைன் ட்ரான்ஸ்லேட் பண்ணேன்பா."
"விளையாட்டா..."
"எனக்கு அது விளையாட்டு இல்ல."

ஒரு கிரேன் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது முடியும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"ஒண்ணே ஒண்ணுப்பா. இனிமே எங்கள மேடையில வேண்டாம். இவன் அம்மா அப்பாவ வேண்டவே வேண்டாம். ரொம்ப அமைதியான ஆளுங்க. ப்ராமிஸா?"
"ப்ராமிஸ்."
"அப்ப ரெண்டு பேரும் வாங்க. விசாவுக்கு இன்விடேஷன் லெட்டர் அடுத்த வாரம் அம்மாவுக்கு மெயில் பண்றேன்."

சாந்தியிடம் சொன்னேன். சாமி விளக்கைத் திங்கட்கிழமையே விளக்கப் போனாள், வழக்கமாக வியாழன்தான்.


நவம்பர் 28, வெள்ளி

மூன்று நாளாக டெண்டர், எழுத நேரமில்லை.

மீனா பஜாரில் வாங்கியது: கம்பளிக் குல்லா 2, உள் பனியன் 4, கையுறை. கடைக்காரன் "ஸ்விட்சர்லாந்தா சார்?" என்றான். "அதுக்கும் மேலே" என்றேன்.

விசா படிவம் இறக்கியாயிற்று. இருபத்திரண்டு வருடம் இந்தக் குடும்பத்தின் படிவங்கள் என் கையெழுத்துதான். ஸ்பான்சர் என்ற கட்டத்தில் என் பெயர், கீழே டிபெண்டன்ட் என்று சாந்தி, நித்யா. இந்தப் படிவத்தில் அழைப்பவர் நித்யா. கீழே இருப்பவன் நான். கொஞ்சம் கசந்தது. பேனாவை மாற்றி எழுதிப் பார்த்தேன், அப்போதும்.

வராந்தாவில் ரப்பர் செருப்போடு பயிற்சி, போகவர நாற்பது தடவை. பக்கத்து ஃபிளாட் வங்காளி அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சங்கிலி போட்டுக்கொண்டாள்.


டிசம்பர் 2, செவ்வாய்

தேசிய தின விடுமுறை. தெருவெல்லாம் கொடி, ஹாரன். லேசான தூறல்.

மத்தியானம் மெயில் வந்தது. சாந்தி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள். ஒருமுறை. மறுபடி ஒருமுறை.

"ஏங்க. என் பேரு மட்டும்தான் இருக்கு."
"அடுத்த பக்கம் தள்ளு."
"அடுத்த பக்கம் இல்ல."

வாங்கிப் பார்த்தேன். நேர்த்தியான கடிதம். சாந்தியின் பாஸ்போர்ட் நம்பர், தேதிகள், காட்டு வீட்டின் முகவரி, கீழே என் மகளின் கையெழுத்து. விருந்தினர் எண்ணிக்கை என்ற இடத்தில் 1.

"மறந்திருப்பா. கேட்கட்டா?"
"வேண்டாம்."
"ஒரு போன் போட்டு..."
"வேண்டாம்னேன்ல."

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். என் உள் பனியன் நாலையும் மடித்துத் தனியே வைத்தாள்.

இப்படியும் ஒரு பிள்ளை. இடுப்பொடிய விழுந்து எழுந்திருக்கிறேன், யாருக்காக? போனில் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு ஒரே வாரத்தில் அப்பனை வெட்டிவிடுகிற நெஞ்சழுத்தம் எங்கிருந்து வந்தது? பனி ஊரில் இருந்தால் ஆளும் உறைந்துவிடும் போல. வாக்குக்கு மதிப்பு இல்லாத காலம்.

இங்கே எழுதாமல் விட்டது ஒன்று. புதன்கிழமை சங்கச் செயலாளர் பொங்கல் விழாப் பேச்சுக்குத் தலைப்பு கேட்டார், கொடுத்தேன்: 'சம்பந்தி வீட்டில் சறுக்கிய கதை'. கோலும் கையுமாக என் படத்தோடு போஸ்டர் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது சனிக்கிழமை. நித்யாவின் கடிதத்தில் தேதி மறுநாள், ஞாயிறு.