கையடக்கமான தாளப்பெட்டி

2007 மாசி, வெள்ளி

காத்தான்குடிக் கடையில் பெரிய கீபோர்டும் இருந்தது. சைக்கிளில் கொண்டு திரியலாம், பற்றரியில் ஓடும் என்று நான் சின்னத் தாளப்பெட்டியை எடுத்தேன்.

"பெரிச எடு மச்சான். அது என்னெண்டு தூரத்திலயே தெரியும். இதத் திறந்து காட்டோணும், மறுகா வில்லங்கம்," என்றான் எங்கள் இசைக்குழுப் பாட்டுக்காரன் யோகன். நான் கேட்கவில்லை.

வரும் வழியில் ஆமிக்காரர் சென்றியில் மறித்தார்கள். பின்னால் இருந்த யோகன்தான் பையைத் திறந்தான். வயர், பற்றரி, மினுங்கும் சிவப்பு லைட், பார்த்தால் குண்டு மாதிரி. காவலுக்கு நின்றவன் துவக்குப் பிடியால் அவன் வாயிலேயே இடித்தான். விழுந்தவனை மிதித்தான். "மியூசிக் சேர், மியூசிக்!" என்று கத்திக்கொண்டு நான் சுவிட்சை அமத்தினேன். கல்யாணத் தாளம் அடித்தது. சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

யோகனுக்கு முன்பல் போய்விட்டது. தாடை வீங்கி, பேச முடியாமல் கிடக்கிறான்.

பெட்டி மேசையில் இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை, சனியன்.