ஆடி மாதத்தில் படகு விடுகிற ஆறு

முருகன் துணை

மஸ்கெலியா
வைகாசி 22

அன்பு மகள் பிரேமினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் தனுஷிகா குட்டியும் அந்தக் குளிரில் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அந்த வரியை இந்த முறை உன்னிடம் விசாரித்துவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் நீ சிரித்துப் பேச்சை மாற்றுவாய், பக்கத்தில் அப்பாவும் காது கொடுத்துக்கொண்டு இருப்பார், அதனால்தான் கடிதம். கடைசி வரைக்கும் படி.

ஆடியில் வரும்போது எல்லோரும் குமன காட்டுக்குப் போகலாம், மூன்று இடம் அனுப்பியிருக்கிறேன், எங்கே தங்குவது என்று அம்மாவே பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்தான். ஆனால் அப்போதே எனக்கு மனதில் ஒன்று இடித்தது. வந்து நிற்கப்போவது பன்னிரண்டு நாள், அதில் நாலு நாள் காட்டிலா? நுவரெலியாவுக்குப் பூ பார்க்கக் கூப்பிட்டால்கூட வராத மனிதர் உன் அப்பா, பேக்டரியில் ஓய்வு வாங்கிய பிறகு ஹட்டனைத் தாண்டியதே குறைவு. அவர் நீ அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, உள்ளுக்குள்ள இருக்கிற பங்களாதான் சரி தனம், கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை நடந்தப்ப பார்த்தோமே அந்தக் காடு, இன்னொரு தரம் பார்த்துடணும் என்கிறார். இன்னொரு தரம் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு நாள் அந்தக் காட்டில் என் மூட்டையையும் சேர்த்துச் சுமந்து நடந்தவர், இப்போது நம் கோயில் படியில் பாதியில் நின்றுகொண்டு குளத்தைப் பார்க்கிறேன் என்கிறார். முப்பது வருஷமாக அங்கேயே கிடக்கிற தண்ணீர், அதில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

சரி, இடத்துக்கு வருகிறேன். முதலாவது, காட்டுக்குள் இருக்கிற அரசாங்கத்துப் பங்களா. இடம் நல்லது, ஏமாற்று இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஜீவராணியின் தம்பி போன வருஷம் தங்கியிருக்கிறான், கேட்டேன். போன் எடுக்காது, அரிசியிலிருந்து குடிதண்ணீர் வரை நாமே கொண்டுபோக வேண்டும், பொழுது சாய்ந்தால் வண்டி வெளியே எடுக்க முடியாதாம். பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

இரண்டாவது, நீ ரொம்பவும் ஆசைப்பட்ட அந்தக் கூடார ஹோட்டல். படத்தைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை இல்லை, யானை வந்து நிற்கிற இடத்தில் யாராவது வெள்ளை விரிப்புப் போட்டுச் சாப்பாடு வைப்பார்களா? நானே போன் போட்டேன். ஓர் ஆள் தேன் மாதிரிப் பேசினான், சிங்களத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தான், மூச்சுக்கு மூச்சு மேடம். எங்க இடம் காட்டுக்கு உள்ளேயே இருக்கு மேடம், இன்னைக்கே பாதிக் காசு போட்டா ரூம் நிக்கும், நாளைக்கு நான் பொறுப்பு இல்ல மேடம் என்றான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ஆடியில் அந்தக் காட்டோரம் ஓடுகிற கும்புக்கன் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் தம்பி? தினமும் சாயந்தரம் படகுச் சவாரி இருக்கு மேடம் என்றான். போனை வைத்துவிட்டேன். அந்த ஆற்றில் ஆடி மாதம் நாங்கள் கணுக்கால் நனையத்தான் நடந்தோம், குடிக்கிற தண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டினார் உன் அப்பா. தண்ணீர் இல்லாத ஆற்றில் படகு விடுகிறவன் நமக்கு எதைத்தான் காட்ட மாட்டான்? அதற்கு நானூறு பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று நீ எழுதியிருக்கிறாய். அந்த நானூறு பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று உனக்குத் தெரியுமா?

மூன்றாவது, காட்டுக்கு வெளியே பாணமை ஊரில் நாலு அறை உள்ள சின்ன இடம். ஒரு பெண் எடுத்தாள். சிங்களத்தில்தான் பேசினேன், விலையைக் கேட்டதும் என்னையறியாமல் அட முருகா என்றுவிட்டேன். அம்மா நம்ம ஆளா, எந்தத் தோட்டம் என்றாள். பிறகென்ன, நான் எந்தத் தோட்டம், அவள் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் வீடு என்று கேட்டு முடிப்பதற்குள் உறவு வந்துவிட்டது. பூரணி என்று பெயர், ராகலைப் பக்கம், நம் கோயிலுக்குப் பூக்கட்டுகிற அழகம்மாவின் மருமகளுக்குச் சித்தி மகள். அங்கே சமையல் அவள் கைதான். இடம் எப்படிப் பிள்ளை என்றேன். பொய் சொல்ல மாட்டேம்மா, மதியத்துல ஓடு கொதிக்கும், கரண்டு நினைச்சா வரும், குரங்கு சோப்பைத் தூக்கிட்டுப் போயிரும், போன மாசம் ஒரு வெள்ளைக்காரர் பல்செட்டையே தூக்கிட்டுப் போயிருச்சு என்றாள். விடியக்காலையில் ஜீப்பில் காட்டுக்குள் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாமாம். ஒக்கந்தை முருகனைக் கும்பிடப் போகிற அன்று மச்சம் மாமிசம் இல்லாமல் சமைத்துத் தருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. இதே தேதிக்கு நியூசிலாந்துல இருந்து ஒரு அக்காவும் கேட்டாங்கம்மா, உங்க மகளா, அவங்க குரங்கையும் கேக்கல யானையையும் கேக்கல, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், நெஞ்சு வலின்னா அந்த நேரத்துல வாகனம் கிடைக்குமா, அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க என்றாள்.

பிரேமினி, யாருக்கு நெஞ்சு வலி?

போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். போன மாதம் அப்பா ரேடியோ திருத்த ஹட்டனுக்குப் போகிறேன் என்று விடியற்காலையில் போனவர் பொழுது சாயத்தான் வந்தார். சட்டை துவைக்கும்போது பையில் கண்டி பஸ் டிக்கெட் இருந்தது. கேட்டதற்குக் கூட வந்தவருடையது என்றார், நானும் விட்டுவிட்டேன். ரேடியோ இன்றுவரை பாடவில்லை. ஆனாலும் அதைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறார், தூசி தட்டக்கூட என்னை விடுவதில்லை. அவர் தேத்தண்ணிக் கடைக்குப் போன நேரத்தில் பின்மூடியைக் கழற்றினேன். பேட்டரி போடுகிற இடத்தில் இரண்டு மாத்திரை அட்டை.

முன்னேபின்னே தெரியாத ஒருவனுடைய பொய்யை ஒரே கேள்வியில் பிடித்தேன் என்று பெருமைப்பட்டேனே, பக்கத்தில் இருக்கிறவருடைய பொய்க்கு எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன், இருக்கிறது. அம்மா பயந்துவிடுவாள் என்று நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணினீர்களாக்கும். அட்டையில் இருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எந்த டாக்டர், என்ன சொன்னார், காட்டுக்குக் கூட்டிப்போகச் சம்மதித்தாரா என்று மறைக்காமல் எழுது. அப்பாவிடம் நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அவருக்கு அந்தக் காட்டை இன்னொரு தரம் பார்க்க வேண்டும், பார்க்கட்டும். ஆனால் பங்களா வேண்டாம். பாணமைதான், பொத்துவில் ஆஸ்பத்திரி அரை மணி நேரம், பூரணியின் தம்பியே வான் வைத்திருக்கிறானாம். இரண்டு அறை, கீழ்த்தளம், படி ஏறக் கூடாது என்று என் வாயாலேயே சொல்லி வைத்துவிட்டேன். பங்களாவில் இடம் இல்லை என்று நீயே அப்பாவிடம் சொல்லிவிடு, இத்தனை மறைத்தவளுக்கு இது ஒன்றும் கஷ்டம் இல்லை.

குட்டிக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் எடுத்து வா. மாப்பிள்ளையையும் குட்டியையும் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க ஒக்கந்தை வேலவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
தனலெட்சுமி

மறந்துவிடாதே: அட்டையைக் கண்ட நாளிலிருந்து தினமும் காலையில் அவர் முகம் கழுவப் போகும்போது ரேடியோ மூடியைத் திறந்து மாத்திரையை எண்ணுகிறேன். ஒரு நாளைக்கு ஒன்று சரியாகக் குறைகிறது, ஒழுங்காகக் குடிக்கிறார். அதனால் வரும்போது ஆசைப்பட்டு அப்பாவுக்குப் புது ரேடியோ மட்டும் வாங்கி வந்துவிடாதே.