கரண்டு காரைப் பட்டினி போட்டவர்

கடலூர், புதுப்பாளையம்.

அன்பு மகள் கனிமொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ளத் தெம்பு குறையாமல் நலமாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை எழிலனும் நார்வேயில் ராத்திரியிலும் அடங்காத அந்த வெளிச்சத்தில் தூக்கம் கெடாமல், வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் யாரும்மா லெட்டர் போடுறாங்க என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒன்று சொன்னால் அதற்கு ஒன்பது திருத்தம் சொல்கிறார், நீயும் நடுவில் புகுந்து கத்துகிறாய். கடிதத்தில் நான் மட்டும்தான் பேசலாம், அதனால் எழுதுகிறேன், பாதியில் நிறுத்தாமல் முழுக்கப் படி.

கார் விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய டீசல் காருக்குப் பதினைந்து வயது முடியப்போகிறது. மெக்கானிக் கோவிந்தசாமி அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறான், அவன் சிரித்தால் நமக்குச் செலவு என்று அர்த்தம். அதைத் தள்ளிவிட்டு எலக்ட்ரிக் வாங்குங்க, எங்க ஊர்ல எல்லாரும் எலக்ட்ரிக்தான், புகையே கிடையாது என்று நீ ஆறு மாதமாக நச்சரிக்கிறாய். இரண்டு வருஷத்தில் அது உங்கள் ஊராகிவிட்டது, சந்தோஷம். ஆனால் உங்கள் ஊர்க்காரர்கள் கடலுக்கடியிலிருந்து எண்ணெயை எடுத்து ஊருலகத்துக்கெல்லாம் விற்றுவிட்டுத் தாங்கள் மட்டும் கரண்டில் போகிறார்களாமே, மாப்பிள்ளைதான் சொன்னார். நல்ல சாமர்த்தியம். இங்கே நமக்கு நெய்வேலியில் கரியை எரித்துத்தான் கரண்டு. நம் கார் புதுப்பாளையத்தில் விடாத புகையை அங்கே யாரோ ஒருவர் மூக்கில் விடப்போகிறது, அதற்கு நீ எனக்குப் பூமியைக் காப்பாற்றும் பாடம் எடுக்கிறாய். போகட்டும். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. எனக்குக் கார் எதற்கு வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் அப்பாவும் மகளும் மறந்துவிட்டு மற்றதெல்லாம் பேசுகிறீர்கள். செவ்வாயும் வெள்ளியும் உன் காயத்ரி சித்திக்கு டயாலிசிஸ். அண்ணாமலை நகரில் ஒண்டியாக இருக்கிறாள், சிதம்பரத்தில் காலை பத்து மணிக்கு அவளுக்கு மிஷின். நேரத்துக்குப் போகாவிட்டால் காத்திருக்கிற அடுத்த நோயாளிக்கு மிஷினைக் கொடுத்துவிடுவார்கள், அது அவர்கள் தப்பு இல்லை, அங்கே கூட்டம் அப்படி. ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றுதான். வாரத்தில் இரண்டு நாள், கடலூரில் கிளம்பும் கார் சிதம்பரத்தில் போய் நிற்க வேண்டும். என் கூடப்பிறந்தவளின் உடம்பில் தேங்கும் தண்ணீர் உன் அப்பாவின் கணக்கு முடிகிற வரைக்கும் பொறுத்துக்கொண்டிருக்காது.

கணக்கு என்றால் அப்படி ஒரு கணக்கு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், என்னையே மிரட்டுகிறார். டீசலுக்கு ஆகிற காசில் கால்வாசி கூடக் கரண்டுக்கு ஆகாது என்பார், சரி என்பேன். உடனே பேட்டரி போய்விட்டால் புதுப் பேட்டரி விலையில் ஒரு மனை வாங்கலாமாமே என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வார். மழைக்காலத்தில் நம் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்குமே, பேட்டரி அடியில்தானே இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். புயல் அடித்து வாரக்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்தோமே, அப்போது என்ன பண்ணுவது என்று இன்னொரு நாள். அப்போது பங்க்கிலும்தான் கரண்டு இல்லாமல் டீசல் பிடிக்க முடியவில்லை, காரை வைத்துக்கொண்டு சைக்கிளில்தானே போனீர்கள் என்று நான் கேட்டதும் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பால்காரர், மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டு வாத்தியார் என்று ஒருவரையும் விடாமல் யோசனை கேட்டார். இவர் கேட்ட ஒருவர் வீட்டிலும் எலக்ட்ரிக் கார் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் பாலகுமார் மாமா பேரனைப் பார்க்க பெங்களூர் கிளம்பினான். மச்சான், என் கரண்டு வண்டிய ரெண்டு வாரம் நீங்களே வச்சு ஓட்டிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்தவன் கார் என்ற நினைப்பே உன் அப்பாவுக்கு இல்லை. மறுநாளே திருவதிகைக் கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூஜை போட்டார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, ஸ்டார்ட் பண்ணுங்க என்றார் குருக்கள். ஆயிடுச்சு சாமி என்றார் இவர். எங்க ஆச்சு, சத்தத்தையே காணோமே என்று குருக்கள் முன்பக்கம் குனிந்து பார்க்க, இவர் அந்த நேரம் பார்த்துக் காலை அழுத்த, அந்த மனுஷர் தட்டும் கையுமாக ஒரே தாவாகத் தாவினார் பார். நல்லவேளை, நசுங்கியது எலுமிச்சம்பழம் மட்டும்தான். அங்கிருந்து பண்ருட்டியில் உன் அத்தை வீட்டுக்கு, அங்கிருந்து அவர் கூட வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கெல்லாம் காட்டப் போனார். சும்மா சொல்லக்கூடாது, கார் நல்ல கார். சத்தமில்லை, குலுக்கலில்லை, கியர் போடும்போது உன் அப்பா பல்லைக் கடிக்கிற சத்தம்கூட இல்லை. முதல் செவ்வாய்க்கிழமை சிதம்பரம் போய்ச் சித்தியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்விட்டு, திரும்பி வந்த பிறகும் பேட்டரி பாதி இருந்தது. எனக்கே ஆசை வந்துவிட்டது.

ஆனால் தீனி போடவேண்டுமே. நீ போனில், எண்பது பர்சென்ட்டுக்கு மேல சார்ஜ் போடாதீங்கப்பா, பேட்டரிக்கு நல்லதில்ல என்று சொன்னாய். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எண்பது நல்லதென்றால் அறுபது இன்னும் நல்லது, அறுபதே போதுமென்றால் ஐம்பதில் என்ன குறை என்று தானாகவே இறங்கிக்கொண்டு போனார். அந்த வாரம் பார்த்து ஈ.பி. ரீடிங் எடுக்க ஆள் வர வேண்டிய வாரம். இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட் தாண்டினால் கட்டணம் எகிறிவிடும் என்று உன் அப்பா எப்படிப் பயப்படுவார் என்பது உனக்குத் தெரியாததா, நீ பரீட்சைக்குப் படிக்கும்போதே மின்விசிறியை நிறுத்திவிட்டு, மொட்டை மாடிக்குப் போ, காத்து நல்லா வரும் என்றவர்தானே. வியாழக்கிழமை சாயந்திரம் நான் காரைச் சார்ஜில் போட்டேன். விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். படுக்கப்போகும் முன் வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு வருவாரே, அந்தச் சுற்றில் அதையும் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, எவ்ளோங்க இருக்கு என்று கேட்டேன். போதும் போதும், அம்பது கிலோமீட்டர் காட்டுது, சிதம்பரம் நாப்பத்தஞ்சுதான் என்றார். அக்னி நட்சத்திர வெயில். ஏ.சி. போட்டால் கரண்டு ஜாஸ்தி இழுக்குமாம், போடவில்லை. கண்ணாடியை இறக்கினால் காத்து தடுக்குமாம், இறக்கவும் விடவில்லை. இட்லிப் பானைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இரண்டு பேரும் வெந்துகொண்டு போனோம். முதுநகர் தாண்டி ஏதோ பாலம் வேலை என்று ஊருக்குள் சுற்றிப் போகச் சொன்னார்கள். அவர் கணக்கில் அந்தச் சுற்று இல்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் திரையில் சிவப்பாக ஆமை படம் ஒன்று வந்தது. அது இன்னாங்க என்றேன். ஒண்ணுமில்ல, மெதுவா போகச் சொல்லுது என்றார். புதுச்சத்திரம் போவதற்குள் ஆமையும் படுத்துவிட்டது.

அங்கே ஒரு டீக்கடை. கூட்டம் சேர்ந்துவிட்டது. கடலூர் தில்லைநாதன் சார்தானே என்று இவரை அடையாளம் கண்டுகொண்ட ஒருவர், தள்ளுனா ஸ்டார்ட் ஆயிடும் சார் என்றார். உன் அப்பாவுக்குப் புத்தி எங்கே போனதோ, சரி தள்ளுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார். நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். இன்னொருவர், பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனீங்களா சார் என்று கேட்டார். டீக்கடைக்காரர் பாவம், நல்ல மனுஷர், ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அந்த பிளக்கைக் கொடுத்தார். போட்ட உடனே பட்டென்று ஃபியூஸ் போய்க் கடை மின்விசிறியும் நின்றுவிட்டது. அப்போதுதான் நான் கேட்டேன், விடிய விடிய சார்ஜ் ஏறுனா இது இப்படி நிக்குமா, உண்மையச் சொல்லுங்க என்று. அவர் என்னைப் பார்க்காமல் மேலே ஆடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, ரீடிங் எடுக்கறவன் வர்ற நேரம், ஐந்நூறு தாண்டிடும்னு அணைச்சுட்டேன் பவானி என்றார். கனி, எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னேன் என்று எழுதினால் தபால்காரர் வெட்கப்படுவார். அந்த ரோட்டில் எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. வந்துகொண்டே இருக்கிறேன் என்று சித்திக்குப் போனில் சொல்லிவிட்டு, பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிவந்த சின்ன லோடு வண்டியைக் கைகாட்டி நிறுத்தினேன். டிரைவர் பெயர் கொளஞ்சியப்பன். ஏறிக்கங்கம்மா, அவசரம்னா சொல்லுங்க, மிதிக்கிறேன் என்றார். உன் அப்பாவைக் காரோடு வெயிலில் விட்டுவிட்டு, ஈயும் பழவாசனையுமாகச் சிதம்பரம் போய் இறங்கினேன். மணி பன்னிரண்டாகப் போகிறது. சித்தி பையை மடியில் வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறாள். மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது.

பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்று இரவு அவளால் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது, கால் இரண்டும் பொம்மென்று வீங்கிவிட்டது. சனிக்கிழமை காலையில் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் அவசரத்துக்கு மிஷின் போட்டுக் காப்பாற்றினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். காரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு முதல் நாளே வந்து சேர்ந்திருந்த உன் அப்பா எனக்கு டீ வாங்கி வந்து நீட்டினார், நான் வாங்கவில்லை, அவரும் குடிக்கவில்லை, அது ஆறி ஆடை கட்டிப்போனது. இந்த ஊர் இருக்கிறதே, அது அதற்குள் தீர்ப்பு சொல்லிவிட்டது. நான் அப்பவே சொன்னேன், கரண்டு கார நம்பலாமா என்று பால்காரர் முதற்கொண்டு துக்கம் விசாரித்தார்கள். உன் அப்பாவும் கொஞ்சங்கூடக் கூசாமல், பேட்டரி சரியில்ல என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பாலகுமார் திரும்பி வந்து, ஏன் மச்சான், என் வண்டிய அசிங்கப்படுத்திட்டீங்களே என்று கேட்டதும்தான் வாயை மூடினார். சோறு போடாமல் வேலைக்கு அனுப்பினால் மனுஷனே விழுந்துவிடுவான், அந்தக் கார் புதுச்சத்திரம் வரைக்கும் வந்ததே பெரிசு.

அதனால் கேள், எலக்ட்ரிக் காரே வாங்குகிறோம். போன வாரம் முன்பணம் கட்டியாகிவிட்டது, நிறம் நான் சொன்ன நிறம். சார்ஜர் பிளக்கை என் அலமாரி இருக்கும் அறைக்கு வெளியே வைக்கச் சொல்லியிருக்கிறேன், அதன் சுவிட்சுக்கு மேல், தொட்டால் மறுநாள் சோறு கிடையாது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டப்போகிறேன். ஐந்நூறு தாண்டட்டும், ஆயிரமே தாண்டட்டும், நான் என் பென்ஷனில் கட்டுகிறேன். நீயும் இனிமேல் அவருக்கு எண்பது, அறுபது என்று எதுவும் சொல்லிக்கொடுக்காதே, அந்த மனுஷரிடம் அரைகுறையாக ஒன்றைச் சொல்வதும் தீப்பெட்டியைக் கொடுப்பதும் ஒன்று. கிளட்ச் இல்லாததால் நானும் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அப்பா சிரித்தார். அடுத்த மாதம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். தலைக்கு எண்ணெய் வை, வெண்ணெயை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு அதைச் சாப்பாடு என்று சொல்லாதே. தில்லைக் காளி உங்கள் இருவரையும் நோய்நொடியில்லாமல் நூறு வயது வைத்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. சித்தி தேறியதும் அவளை, ஏன்டி, பத்தாகியும் நான் வரலன்னா ஒரு ஆட்டோ பிடிச்சுப் போறதுக்கென்ன, ஆஸ்பத்திரி என்ன அமெரிக்காவுலயா இருக்கு என்று திட்டினேன். தனியா எத்தனையோ தடவ போயிருக்கேன்கா, நீ வர்றேன்னு சொன்னியே, அதான் உக்காந்திருந்தேன் என்றாள். உன் அப்பாவை மூன்று நாளாகத் திட்டிக்கொண்டிருந்த நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். நேற்று இன்னொன்றும் தெரிந்தது. டயாலிசிஸ் ஊசி குத்தத் தோதாக அவள் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறதாம். எங்க கனி வர்றேன்னு சொல்லியிருக்கா டாக்டர், வந்ததும் பண்ணிக்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வருகிறாள். படிக்கிற காலத்தில் நாலு வருஷம் அவள் வீட்டில் சாப்பிட்டவள் நீ, ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில், அடுத்த மாசம் வர்றேன் சித்தி என்று சொல்கிறாயாமே. டிக்கெட் போட்டுவிட்டுத் தேதியைச் சொல். இல்லையென்றால் வரவில்லை என்று சொல். ஒரு நாள் அழுவாள், மறுநாள் ஆட்டோ பிடித்துப் போய் ஆபரேஷன் பண்ணிக்கொள்வாள்.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டாமல் ஒட்டி அனுப்பும்,
உன் அம்மா பவானி